கைவினைப் பொருள் விற்பவர் கைபேசியிலேயே கிரெடிட் கார்டு பணம் பெறுவது எப்படி?

நவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கும்போது கொலு பொம்மைக் கடைக்கு வருகிறவர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். ஒற்றைப் பொம்மை, செட்டியார் ஜோடி, சின்னப் பழக்கடை என்று 200, 400 ரூபாய்க்குள் வாங்குகிறவர்கள் கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்து, ஸ்பீக்கர் பெட்டி தொகையைச் சொன்னதும் நகர்ந்துவிடுவார்கள். தசாவதாரம், கல்யாண ஊர்வலம், அஷ்டலட்சுமி என்று முழு செட்டாக எடுப்பவர்கள் அப்படி அல்லர்; 6,500 ரூபாய் என்று விலை கேட்டு, ஒவ்வொரு பொம்மையையும் திருப்பி மூக்கும் விரலும் முழுசாக இருக்கின்றனவா என்று பார்த்து, கடைசியில் "கார்டு எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொன்னால், ஏ.டி.எம். போய்விட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்புவார்கள். அப்படிக் கிளம்பியவர்களில் திரும்பி வந்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரியில் மண் பொம்மை செய்பவர், பத்தமடையில் கோரைப் பாய் நெய்பவர், மணப்பாட்டில் பனையோலைப் பெட்டி முடைபவர், வீட்டில் சுடுமண் நகை செய்து கண்காட்சிகளில் விற்பவர் ஆகியோருக்கு நிலையான கடையும் இருக்காது, கவுண்ட்டரில் வைக்க கார்டு மெஷினும் இருக்காது. ஆனால் எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. அந்தப் போனைக் கொண்டே கார்டுப் பணத்தை வாங்கும் முறைகளையும், அவற்றில் எது யாருக்குப் பொருந்தும் என்பதையும், பணம் கணக்கில் வந்து சேரும் வரை கவனிக்க வேண்டியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

கையில் இருக்கும் கியூ.ஆர். அட்டையிலிருந்து தொடங்குங்கள்

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், இப்போது ஒட்டி வைத்திருக்கும் கியூ.ஆர். அட்டை தனிநபர் கணக்குக்கு உரியதா, வணிகர் கணக்குக்கு உரியதா என்று பாருங்கள். பலர் தங்கள் சொந்த யூ.பி.ஐ. செயலியில் வரும் கியூ.ஆர். படத்தை அச்சடித்து ஒட்டியிருப்பார்கள். அதில் வங்கிக் கணக்கிலிருந்து பணம் வரும். கிரெடிட் கார்டிலிருந்து வராது. ரூபே கிரெடிட் கார்டை யூ.பி.ஐ. செயலியில் இணைத்துப் பணம் செலுத்தும் வசதி 2022-இல் வந்தது. ஆனால் அந்தப் பணம் வணிகராகப் பதிவு செய்த கணக்குக்கு மட்டுமே போகும். ஆகவே பேடிஎம், போன்பே, பாரத்பே போன்ற நிறுவனங்களின் வணிகர் செயலியிலோ உங்கள் வங்கியின் வணிகர் செயலியிலோ பதிவு செய்து புதிய கியூ.ஆர். பெற்றுக்கொண்டால், கிரெடிட் கார்டுக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு அங்கேயே வழி திறந்துவிடும். சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரையிலான இத்தகைய ரூபே கிரெடிட் பரிவர்த்தனைக்கு வணிகர் கட்டணம் இல்லை. அதற்கு மேல் உண்டு.

விசா, மாஸ்டர்கார்டு கிரெடிட் கார்டுகளை யூ.பி.ஐ.-யில் இணைக்க முடியாது. பெரிய தொகைக்குக் கார்டை நீட்டுகிறவர்களின் கையில் பெரும்பாலும் இவை இரண்டில் ஒன்றுதான் இருக்கும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் ஏறக்குறைய எப்போதுமே இவைதான் இருக்கும். அவர்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

மூன்று ஏற்பாடுகள்

முதலாவது, போனையே மெஷினாக மாற்றுவது. என்.எஃப்.சி. (அருகில் வைத்தாலே தகவலை வாங்கும் குறுந்தூர ரேடியோ) வசதி உள்ள ஆண்ட்ராய்டு போனில் நிறுவனத்தின் செயலியை நிறுவி, தொகையை அழுத்தி, வாடிக்கையாளர் தன் கார்டைப் போனின் முதுகில் வைத்தால் பணம் எடுக்கப்படும். இதற்குத் தனிக் கருவி வேண்டாம், ஆகவே கருவி வாடகையும் இல்லை. வெளிநாட்டினர் தங்கள் போனையோ கைக்கடிகாரத்தையோ உங்கள் போனில் காட்டிப் பணம் தருவதும் இதே வழியில்தான். கார்டிலிருந்து வரும் தகவல் அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லுபடியாகும் குறியீட்டுடன் மறையாக்கம் செய்யப்பட்டு நேரே போய்விடும். உங்கள் போனில் கார்டு எண் எதுவும் தங்காது. வாடிக்கையாளர் தயங்கினால் இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

இரண்டாவது, உள்ளங்கை அளவுள்ள கார்டு ரீடர். இது புளூடூத் வழியாகப் போனோடு இணைந்து வேலை செய்யும். சிப் உள்ள கார்டைச் செருகலாம், மேலே வைத்துத் தட்டலாம், பின் நம்பரை அந்தக் கருவியின் பொத்தான்களிலேயே அழுத்தலாம். எம்ஸ்வைப், பைன் லேப்ஸ் போன்ற நிறுவனங்கள் கார்டுக் கருவிகளை வாடகைக்கோ விலைக்கோ தருகின்றன. வங்கிக் கிளையில் கேட்டாலும் ஏற்பாடு செய்து தருவார்கள். சிம் கார்டோடு தனியாக இயங்கும் பெரிய மெஷின்களும் உண்டு. அவை கடை வைத்திருப்பவர்களுக்கு உரியவை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது, பேமென்ட் லிங்க். தொகையையும் பொருளின் பெயரையும் செயலியில் எழுதினால் ஓர் இணைப்பு உருவாகும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வாடிக்கையாளர் தன் போனில் திறந்து, கார்டு எண்ணையும் தன் வங்கி அனுப்பும் ஓ.டி.பி.-யையும் இட்டுப் பணம் செலுத்துவார். ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ, பேயூ போன்றவை இந்தச் சேவையைத் தருகின்றன. நேரில் இல்லாதவரிடம் பணம் வாங்கக் கார்டு வழியில் இதுவே பொருத்தமானது. கார்டு எண்ணைப் போனில் சொல்லச் சொல்வதும், கார்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்வதும், வாங்கிய எண்ணை அடுத்த முறைக்காக நோட்டில் எழுதி வைப்பதும் ஒருபோதும் கூடாது. வணிகர் கார்டு விவரத்தைச் சேமித்து வைப்பதை ரிசர்வ் வங்கி 2022 அக்டோபர் 1 முதல் தடை செய்திருக்கிறது.

எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் பொருளின் விலைதான் முடிவு செய்யும். 300 ரூபாய் தோடும் 900 ரூபாய் மாலையும் விற்பவருக்குப் போனில் தட்டும் முறை போதும். தசாவதார செட்டும், நுணுக்கமாக நெய்த பட்டுப் பாயும் விற்பவருக்கு அது மட்டும் போதாது. காரணம் ஒரு வரம்பு.

5,000 ரூபாய் வரம்பு

2021 ஜனவரி 1 முதல், இந்தியக் கார்டை வெறுமனே தட்டிப் பின் நம்பர் இல்லாமல் கொடுக்கக்கூடிய உச்சத் தொகை ஒரு பரிவர்த்தனைக்கு 5,000 ரூபாய். அதற்கு முன்பு அது 2,000-ஆக இருந்தது. 6,500 ரூபாய் பில்லுக்குக் கார்டைத் தட்டினால், பின் நம்பர் கேட்கும். போனை மெஷினாக்கும் செயலிகளில் சில, திரையிலேயே பின் நம்பரை அழுத்துவதற்கான பாதுகாப்பான பலகையைக் காட்டுகின்றன. சில காட்டுவதில்லை, பரிவர்த்தனையை நிராகரித்துவிடுகின்றன. சேரும்போதே விற்பனைப் பிரதிநிதியிடம் "5,000-க்கு மேல் தட்டினால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அவர் பதில் மட்டும் போதாது, ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

பில்லை 3,500, 3,000 என்று இரண்டாகப் பிரித்துத் தட்டிவிடலாமே என்று தோன்றும். பக்கத்துக் கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார். ஒரே விற்பனையை வரம்பைத் தாண்டுவதற்காகப் பிரிப்பது கார்டு நிறுவனங்களின் விதிக்கு மாறானது. அடுத்தடுத்து ஒரே கார்டு ஒரே கடையில் தட்டப்படுவதை வங்கியின் மோசடித் தடுப்பு ஏற்பாடு சந்தேகத்தோடு பார்க்கும். பின்னால் தகராறு வந்தால் உங்கள் பக்கம் நிற்க ஆதாரம் இருக்காது. அதைவிட, அதே இடத்தில் வாடிக்கையாளரின் எண்ணுக்குப் பேமென்ட் லிங்க் அனுப்புவது நல்லது. ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். மாதத்தில் பல முறை 5,000-ஐத் தாண்டுகிற விற்பனை உங்களுக்கு இருந்தால், கார்டு ரீடரை வாங்கிவிடுங்கள்.

5,000-க்குக் குறைவான தொகையிலும் சில கார்டுகள் தட்டினால் வேலை செய்யாது. கார்டில் நான்கு வளைகோடுகள் கொண்ட அலைக் குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறி இருந்தும் மறுத்தால், பெரும்பாலும் கார்டுக்காரர் அந்த வசதியை இயக்கியிருக்கமாட்டார். 2020-இல் வந்த விதிப்படி புதிய கார்டுகளில் தட்டும் வசதி அணைத்த நிலையிலேயே வரும், வாடிக்கையாளர் தன் வங்கிச் செயலியில் போய் அதை இயக்க வேண்டும். "உங்கள் கார்டு சரியில்லை" என்று கூட்டத்தின் நடுவே சொல்லிவிட்டால் அவர் முகம் சுருங்கிவிடும். "பேங்க் ஆப்பில் டேப் வசதியை ஆன் செய்திருக்கிறீர்களா, பாருங்கள்" என்று கேட்டால் அவரே செய்துவிடுவார்.

கட்டணம்: உண்மையில் கைக்கு எவ்வளவு வரும்?

கார்டில் வரும் ஒவ்வொரு தொகையிலிருந்தும் ஒரு விழுக்காடு பிடிக்கப்படும். எம்.டி.ஆர். என்று சொல்லப்படும் இந்த வணிகர் கட்டணம், யூ.பி.ஐ. வழியாக வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி முதல் கிடையாது. மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை உள்ள வணிகருக்கு மெஷினில் 0.40 விழுக்காடு, கியூ.ஆர். வழியில் 0.30 விழுக்காடு, எப்படியானாலும் ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. கிரெடிட் கார்டுக்கு அத்தகைய உச்சவரம்பு இல்லை. நிறுவனம் கேட்பதும் நீங்கள் பேரம் பேசுவதும்தான் விலை. 2 விழுக்காட்டை ஒட்டிய கட்டணம் பரவலாகக் காணப்படுகிறது. வெளிநாட்டுக் கார்டுகளுக்கு அதைவிடக் கூடுதல். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிவர்த்தனைகளில் அந்தக் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரும்.

தசாவதார செட்டையே எடுத்துக்கொள்வோம். கிரெடிட் கார்டில் 6,500 ரூபாய், கட்டணம் 2 விழுக்காடு என்றால் 130 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. 23.40, மொத்தம் 153.40 ரூபாய் பிடித்தம். கணக்கில் வரவாவது 6,346.60. அதே செட்டுக்கு விசா டெபிட் கார்டு நீட்டப்பட்டால், உச்சவரம்பின்படி 26 ரூபாய் கட்டணமும் 4.68 ஜி.எஸ்.டி.-யும்தான். இந்த 153 ரூபாய் அதிகம்தான். ஆனால் வாங்காமல் போன 6,500 ரூபாயோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அதை அளக்க வேண்டும்.

பலர் ஏமாறுவது விழுக்காட்டில் அல்ல, வாடகையில். ரீடருக்கு மாதம் 300 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 10,000 ரூபாய் கார்டு விற்பனை நடந்தால், வாடகை மட்டுமே 3 விழுக்காடு ஆகிவிடுகிறது, 2.36 விழுக்காடு கட்டணத்தையும் சேர்த்தால் 5.36. விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, கிறிஸ்துமஸ் குடில் என்று ஆண்டில் நாலு மாதம் மட்டும் ஓடும் பொம்மைத் தொழிலில், மற்ற எட்டு மாதமும் அந்தக் கருவி பெட்டிக்குள் கிடந்து வாடகையைத் தின்னும். ஆகவே கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: விற்பனை இல்லாத மாதத்திலும் வாடகை உண்டா? குறைந்தபட்ச மாத விற்பனை என்று ஏதாவது நிபந்தனை உண்டா? இடையில் திருப்பிக் கொடுத்தால் என்ன பிடிப்பார்கள்? பணத்தைத் திருப்பி அனுப்பும்போது முதலில் பிடித்த கட்டணம் திரும்ப வருமா?

இந்தக் கட்டணத்தை "கார்டு என்றால் 2 பர்சென்ட் சேர்த்துக் கொடுங்கள்" என்று வாடிக்கையாளர் தலையில் வைப்பதைக் கடைத்தெருவில் நிறையப் பார்க்கலாம். டெபிட் கார்டுக்கு அப்படி வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலே இருக்கிறது. கிரெடிட் கார்டுக்கு நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தமே பொதுவாக அதைத் தடுக்கும். விலை போடும்போதே அந்தச் செலவையும் சேர்த்துப் போட்டுவிடுவதுதான் முறை.

பதிவு செய்தல்

பான் கார்டு, ஆதார், வங்கிக் கணக்கின் பாஸ்புக் முதல் பக்கம் அல்லது ரத்து செய்த காசோலை, தொழில் நடப்பதற்கான ஒரு சான்று ஆகியவை வேண்டும். தொழில் சான்றுக்கு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு எளிது. அரசின் இணையதளத்தில் ஆதாரை வைத்து இலவசமாகவே செய்யலாம், இடையில் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மத்திய கைவினைத் துறையின் பெஹ்சான் அடையாள அட்டை வைத்திருந்தால் அதையும் காட்டலாம். மாநிலத்துக்குள் பொருள் மட்டும் விற்று, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருப்பவருக்குத் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாமல், பதிவு இல்லை என்ற உறுதிமொழியைக் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் தொழிலுக்கென்று நடப்புக் கணக்கு ஒன்று திறந்துகொள்ளுங்கள். வீட்டுச் சேமிப்புக் கணக்கிலேயே எல்லாம் வந்து விழுந்தால், பள்ளிக் கட்டணமும் களிமண் லாரிக்காரர் பணமும் ஒன்றாகக் கலந்து, ஆண்டு முடிவில் தலைவலியாகும்.

நீங்கள் சேரும் நிறுவனம் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற பேமென்ட் அக்ரிகேட்டரா (வணிகர்களுக்காகப் பணத்தை வாங்கி அவர்கள் கணக்கில் சேர்க்கும் நிறுவனமா) என்பதையும் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலேயே இருக்கிறது.

விண்ணப்பத்தில் பெரும்பாலானோர் கவனிக்காத கட்டம் ஒன்று உண்டு: வாடிக்கையாளரின் கார்டு ஸ்டேட்மென்ட்டில் என்ன பெயர் வர வேண்டும் என்பது. பதிவு அப்பாவின் பெயரில் இருந்தால், கடைக்கு எந்தப் பெயர்ப் பலகை வைத்திருந்தாலும் ஸ்டேட்மென்ட்டில் அப்பாவின் பெயரே வரும். செப்டம்பரில் பொம்மை வாங்கியவர், அக்டோபர் பில்லில் அறிமுகமில்லாத ஒருவர் பெயருக்கு எதிரே 6,500 ரூபாயைப் பார்த்தால், "இதை நான் செய்யவில்லை" என்று வங்கிக்குப் புகார் செய்துவிடுவார். அவர் மேல் தவறில்லை. கடைப் பலகையில் உள்ள பெயரும், ரசீதில் உள்ள பெயரும், ஸ்டேட்மென்ட்டில் வரும் பெயரும் ஒன்றாக இருக்கும்படி பதிவு செய்யுங்கள். இயலாவிட்டால், "உங்கள் பில்லில் இந்தப் பெயரில் வரும்" என்று ரசீதில் ஒரு வரி அச்சடித்துவிடுங்கள்.

போனைத் தயார் செய்தல்

அமைப்புகளில் என்.எஃப்.சி. என்ற பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் இருக்காது. டெவலப்பர் ஆப்ஷன் (மென்பொருள் எழுதுகிறவர்களுக்கான அமைப்பு) இயக்கத்தில் இருந்தாலோ, போன் ரூட் செய்யப்பட்டிருந்தாலோ (அதாவது அதன் பாதுகாப்புப் பூட்டு உடைக்கப்பட்டிருந்தாலோ) இந்தச் செயலிகள் திறக்க மறுக்கும். இருப்பிடம் காட்டும் வசதியை இயக்கி, திரைப் பூட்டும் வைத்திருக்க வேண்டும். பல போன்களில் என்.எஃப்.சி. ஆன்டெனா பின்புறம் கேமராவுக்கு அருகில் இருக்கும். எங்கே வைத்தால் உடனே பிடிக்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடித்து, போன் உறையின் மேல் அந்த இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால், வாடிக்கையாளர் கார்டைப் போனெங்கும் தடவிக்கொண்டிருக்கமாட்டார். காந்த வளையம் வைத்த உறை, உறைக்குள் செருகிய பஸ் பாஸ் அட்டை இரண்டும் அலையைக் கெடுக்கும். கைவினைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: களிமண்ணும் சுண்ணாம்பும் படிந்த விரலோடு போனை எடுத்தால் சார்ஜ் துளை அடைத்துக்கொள்ளும். விற்பனை நாளில் பொம்மைக்குச் சாயம் திருத்துகிறவரும் போனைப் பிடிக்கிறவரும் வேறு வேறு ஆளாக இருப்பது நல்லது.

கண்காட்சி நடக்கும் இடத்தில் சிக்னல் எப்படி என்பதை முதல் நாள் மாலையே பார்த்துவிடுங்கள். கல்யாண மண்டபத்தின் கீழ்த்தளத்திலும், தகரக் கூரை போட்ட அரங்கிலும் வாசலில் நாலு கோடு காட்டும் போன், கடைக்குள் வந்ததும் செத்துவிடும். இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் கட்டாயம். தொடங்குவதற்கு முன் வீட்டார் ஒருவரின் கார்டில் 10 ரூபாய் எடுத்து, அது கணக்கில் எப்போது வருகிறது, ரசீது குறுஞ்செய்தி எப்படிப் போகிறது, திருப்பி அனுப்பினால் என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டால், கூட்டத்தின் நடுவில் கை நடுங்காது.

திரை சுற்றிக்கொண்டே நின்றால்

இது எனக்கு நேர்ந்தது. மண்டபக் கடையில் ஒரு தம்பதி 3,200 ரூபாய்க்குப் பொம்மை எடுத்து, கார்டைத் தட்டினார்கள். என் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் "தோல்வி" என்று வந்தது. பின்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள். நான் யோசிக்காமல் மறுபடி தட்டச் சொன்னேன். இந்த முறை வெற்றி. அவர்கள் மயிலாப்பூர் குளத்தைக்கூடத் தாண்டியிருக்கமாட்டார்கள், இரண்டு முறை பணம் எடுத்ததாகக் குறுஞ்செய்தி வந்து திரும்பி வந்துவிட்டார்கள். முதல் பரிவர்த்தனை வங்கியில் வெற்றியாகவே முடிந்திருந்தது. பதில் என் போனுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவே. ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். அது அவர் கார்டில் வரவாக ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் அவர் என்னை அழைத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே, திரை தோல்வி என்று சொன்னாலும் மறுபடி தட்டும் முன் செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து, இணையத்தை ஒரு முறை அணைத்துப் போட்டு, பட்டியலைப் புதுப்பித்துப் பாருங்கள். வாடிக்கையாளரின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்ததா என்றும் கேளுங்கள். இரண்டிலும் இல்லை என்றால்தான் அடுத்த முயற்சி. அவர் கணக்கிலிருந்து பணம் போய், உங்கள் பட்டியலில் வெற்றி என்று வராவிட்டால், அந்தத் தொகை 5 நாட்களுக்குள் தானாக அவருக்குத் திரும்ப வேண்டும் என்றும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்றும் 2019-இல் ரிசர்வ் வங்கி விதி செய்திருக்கிறது. இதை வாடிக்கையாளரிடம் சொல்லி, பரிவர்த்தனை எண்ணை எழுதிக் கொடுத்து, பொம்மையை அவர் பெயர் எழுதி எடுத்து வைத்துவிடலாம்.

பணத்தைத் திருப்பித் தரும்போது எந்தக் கார்டிலிருந்து வந்ததோ அந்தக் கார்டுக்கே செயலி வழியாக அனுப்ப வேண்டும். "கார்டில் வர நாளாகும், ரொக்கமாகக் கொடுங்கள்" அல்லது "இந்த யூ.பி.ஐ. எண்ணுக்குப் போடுங்கள்" என்று கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ரொக்கத்தையும் வாங்கிக்கொண்டு, வங்கியிலும் புகார் செய்து இரண்டு முறை பணம் பெறுகிறவர்களும் இருக்கிறார்கள். மறுக்க வேண்டிய இன்னொரு கோரிக்கை, "கார்டைத் தேய்த்துக்கொண்டு 10,000 ரொக்கம் கொடுங்கள், கமிஷன் தருகிறேன்" என்பது. தெரிந்தவர்தான் கேட்பார். பொருள் விற்காமல் கார்டைப் பணமாக்குவது ஒப்பந்த மீறல். உங்கள் வணிகர் கணக்கு முடக்கப்பட்டால் அந்த சீசனே போய்விடும். உங்கள் கிரெடிட் கார்டை உங்கள் மெஷினிலேயே தேய்த்துக்கொள்வதும் இதே கணக்கில்தான் வரும்.

வெளியூர் ஆர்டர்கள்

பேமென்ட் லிங்க் அனுப்பும்போது தொகையோடு பொருளின் விவரத்தையும் எழுதுங்கள்: "தசாவதார செட், 10 பொம்மை, 8 அங்குலம், காகிதக் கூழ்" என்பது போல. லிங்க் எத்தனை நாள் செல்லும் என்பதையும் குறித்துவிடுங்கள். ஆவணியில் அனுப்பிய லிங்க்கில் புரட்டாசியில் பணம் கட்டிவிட்டு, விற்றுப்போன செட்டைக் கேட்பவர்கள் உண்டு. சொல்லிச் செய்யும் வேலை என்றால் பாதித் தொகை முன்பணமாகவும், அனுப்பும் முன் மீதியாகவும் இரண்டு லிங்க் அனுப்புவது நியாயம். இது வரம்பைத் தாண்டப் பில்லைப் பிரிப்பது ஆகாது.

நேரில் கார்டு தட்டிய விற்பனையைவிட லிங்க் வழியான விற்பனையில்தான் தகராறுகள் அதிகம். மண் பொம்மை உடைந்து போய்ச் சேர்ந்தாலோ, பார்சல் வரவில்லை என்றாலோ வாடிக்கையாளர் வங்கியில் முறையிடுவார். வங்கி அந்தத் தொகையை நிறுத்திவைத்து, சில நாள் கெடுவுக்குள் ஆதாரம் கேட்கும். கெடுவுக்குள் பதில் போகாவிட்டால் பணம் அவருக்கே. ஆகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் வைக்கோலுக்குள் பொம்மையை அடுக்கும்போது ஒரு படம், பெட்டியை ஒட்டிய பின் ஒரு படம், ஸ்பீட் போஸ்ட் அல்லது கூரியர் ரசீது, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றை ஒரே கோப்புறையில் ஆர்டர் எண் போட்டு வையுங்கள். ஓராண்டாவது அழிக்காதீர்கள். உடைந்தால் என்ன செய்வீர்கள் என்பதை லிங்க் அனுப்பும்போதே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்.

பணம் வாங்குவதற்காக நீங்கள் எந்த ஓ.டி.பி.-யையும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பின் நம்பரை எங்கும் அழுத்த வேண்டியதில்லை. "மொத்தமாக 200 பொம்மை வேண்டும், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் கியூ.ஆர்.-ஐ ஸ்கேன் செய்யுங்கள்" என்று அழைப்பு வந்தால் அது உங்கள் பணத்தை எடுப்பதற்குத்தான். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

கணக்கு எழுதுதல்

கார்டுப் பணம் பொதுவாக அடுத்த வேலை நாளில் வங்கிக் கணக்குக்கு வரும். சனி, ஞாயிறு விற்பனை திங்கள் அல்லது செவ்வாயில்தான் வரக்கூடும் என்பதால், கண்காட்சி முடிந்து பொம்மைப் பெட்டிகளை ஊருக்கு ஏற்றும் வேன்காரருக்கும், உதவிக்கு வந்தவர்களுக்கும் கொடுக்க வேண்டிய ரொக்கத்தைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

நோட்டில் விற்பனையாக எழுத வேண்டியது 6,500. கணக்கில் வந்த 6,346.60 அல்ல. பிடித்த 153.40 தனியாகச் செலவுப் பக்கம் போக வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு செய்து சாதாரண முறையில் வரி கட்டுகிறவர் அதிலுள்ள 23.40-ஐ உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். விற்றுமுதலில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பவருக்கு அது கிடையாது. வருமான வரியில் உத்தேச லாப முறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்குக் கார்டு விற்பனையால் ஒரு நன்மை உண்டு: ரொக்க விற்பனையில் 8 விழுக்காட்டை லாபமாகக் கொள்ள வேண்டிய இடத்தில், கார்டும் யூ.பி.ஐ.-யும் போன்ற வழியில் வந்த விற்பனையில் 6 விழுக்காடு போதும். கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் பதிவு செய்திருக்கும் குயவர், பாய் முடைபவர், பொம்மை செய்பவர் போன்றோருக்கு ஒரு டிஜிட்டல் பரிவர்த்தனைக்கு 1 ரூபாய் வீதம், மாதத்துக்கு 100 பரிவர்த்தனை வரை ஊக்கத்தொகையும் உண்டு.

ஒவ்வொரு இரவும் செயலியில் அன்றைய அறிக்கையை இறக்கி, ரசீதுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். வராத தொகைக்கு முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்து எண் வாங்குங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

சீசன் முடிந்து ரீடரைத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தால், கொரியரில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். கருவி எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்கான மின்னஞ்சலை வாங்குங்கள். வாடகைக்கான தானியங்கிப் பிடித்தத்தை வங்கிச் செயலியில் நீங்களே நிறுத்துங்கள். அடுத்த மாதம் 5-ஆம் தேதி வாக்கில் பாஸ்புக்கை ஒரு முறை பாருங்கள்.